உப்புப் பார்க்காத சமையல்: சில டெவலப்பர்கள் ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள்?

கோவில் பந்திக்கு ஏழு கறி ஆக்குவது ஒரு ஆள் வேலையில்லை. ஒருவர் பலாக்காய் நறுக்குவார், இன்னொருவர் பூசணி, வேறொருவர் வாழை இலையைத் துடைத்து அடுக்குவார். நறுக்குகிறவர் இருபது வருடம் அதையே செய்தால் கை வேகம் கூடும், துண்டுகள் ஒரே அளவாக விழும். ஆனால் கறியில் உப்புக் கூடிப்போனது அவருக்குத் தெரியவராது. அடுப்படியில் நின்று ருசி பார்த்தவரும், யார் எந்தக் கறியை இலையோரம் ஒதுக்கினார்கள் என்று பந்தியில் கவனித்தவரும்தான் சமையற்காரர் ஆகிறார்கள்.

மென்பொருள் வேலையிலும் இதுதான் நடக்கிறது. மொரீஷியஸில் கரும்புத் தோட்டமாக இருந்த எபென் இன்று மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சைபர் சிட்டி. அங்கே நடக்கும் வேலையில் பெரும்பங்கு வெளிநாட்டுக் கிளையன்டுகளுக்கானது. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாரிஸில் ஒருவர் தீர்மானிப்பார், எபெனில் ஒருவர் கோட் எழுதுவார், புரொடக்‌ஷன் சர்வரை (பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் கணினி) வேறெங்கோ இருக்கும் மூன்றாவது குழு பார்த்துக்கொள்ளும். நடுவில் இருப்பவருக்குக் காய் வரும், நறுக்கினால் போதும். சம்பளம் ஏறலாம், பதவிப் பெயரில் ‘சீனியர்’ என்று சேரலாம். திறமை மட்டும் மூன்றாவது, நான்காவது வருடத்தோடு நின்றுவிடும். சோம்பேறித்தனம், புத்திக் குறைவு என்று பலரும் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது இல்லை. தான் எடுத்த முடிவின் விளைவு தன்னிடம் திரும்பி வராத இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே காரணம்.

வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்?

புதிய நிரல் மொழிகளின் பெயர்களை அடுக்குவதை அல்ல. ஒரு டிக்கெட்டை (டெவலப்பருக்கு வரும் வேலைக் குறிப்பு) எடுத்துக்கொள்வோம்: “ரெயூனியன் கடைகளின் பில்லில் 8.5 சதவீத வரி சேர்க்கவும்.” பிரான்ஸ் பெருநிலத்தில் பொது வரி விகிதம் 20 சதவீதம், பிரான்ஸுக்குச் சொந்தமான பக்கத்துத் தீவான ரெயூனியனில் 8.5, மொரீஷியஸில் 15. இந்த ஒரே வாக்கிய டிக்கெட்டை நான்கு பேரிடம் கொடுத்துப் பாருங்கள்.

முதலாமவர் கோடில் 0.20 இருக்கும் இடத்தைத் தேடி, பக்கத்தில் ஒரு நிபந்தனை போட்டு 0.085 என்று எழுதுவார். டெஸ்ட் பச்சை காட்டும், டிக்கெட் மூடப்படும். அதே 0.20 இன்னும் இரண்டு கோப்புகளில் ஒளிந்திருப்பதை அவர் பார்த்திருக்கமாட்டார்.

இரண்டாமவர் விகிதத்தைக் கோடிலிருந்து எடுத்து ஒரு அட்டவணையில் வைப்பார். அதில் பிரதேசம், விகிதம், ‘எந்தத் தேதியிலிருந்து’ என்று மூன்று பத்திகள் இருக்கும். தேதிப் பத்தி இல்லாவிட்டால், நாளை அரசு விகிதத்தை மாற்றும்போது போன வருடத்துப் பில்லை மறுபடி அச்சிட்டாலும் புது வரி விழும்.

மூன்றாமவர் கோடைத் தொடுவதற்கு முன் கணக்காளரிடம் ஒன்று கேட்பார்: வரித்தொகையைப் பொருளுக்குப் பொருள் சென்டுக்கு முழுமையாக்குவதா, பில்லின் மொத்தத்தில் முழுமையாக்குவதா? 1.40 யூரோ விலையில் பத்துப் பொருள்கள் உள்ள பில்லைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வரி 0.119, அதை 0.12 ஆக்கிக் கூட்டினால் 1.20. மொத்தம் 14.00-க்குக் கணக்கிட்டால் 1.19. ஒரு சென்ட்தான் வித்தியாசம். ஆனால் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பில் போடும் கடையில், மாத முடிவில் கணக்கு இடிக்கும். பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக (கணினி தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) வைக்கக் கூடாது என்பதும் இவருக்குத் தெரியும். இருமக் கணக்கில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. அதனால் சென்ட்களை முழு எண்ணாகவோ டெசிமல் வகையிலோ வைப்பார்.

நான்காமவர், ரெயூனியனில் சில பொருள்களுக்கு 2.1 சதவீதம் என்ற குறைந்த விகிதமும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, “டிக்கெட்டில் 8.5 மட்டும் சொல்லியிருக்கிறீர்களே, இந்தக் கடைகள் மருந்தோ சாப்பாடோ விற்பதில்லையா?” என்று கேட்பார். கிளையன்டிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கு மென்பொருளே இந்த வேலையைச் செய்யுமா என்றும் பார்ப்பார். சில சமயம் அவருடைய பதில், ‘இதை நாம் எழுதவே வேண்டாம்’ என்பதாக இருக்கும்.

நான்கு பேரும் ஒரே மொழியில், ஒரே ஃபிரேம்வொர்க்கில் (ஆயத்தக் கோட் சட்டகம்) வேலை செய்யலாம். அவர்களிடையே வேறுபடுவது, பிறர் உடைத்துத் தராமலே கையாளக்கூடிய பிரச்சினையின் அளவு. வளர்ச்சி என்று நாம் சொல்வது அந்த அளவைத்தான். முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். அங்கிருந்து மூன்றாவதுக்குப் போகும் படியில்தான் கூட்டம் நெரிகிறது.

செய்தி திரும்பி வராத இடம்

மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 4 மணி முன்னே. பாரிஸ் குளிர்காலத்தில் 1 மணி முன்னே, கோடையில் 2. ஆகவே இரண்டு ஊருக்கும் இடையே குளிர்காலத்தில் 3 மணி வித்தியாசம், கோடையில் 2. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இது மாறுகிறது.

ஜனவரியில் ஒருவர் கிளையன்ட் அழைப்புகளுக்கான நினைவூட்டலை எழுதுகிறார். பாரிஸ் நேரத்தோடு 3 கூட்டு, அவ்வளவுதான். ஜனவரியில் சோதித்தால் சரியாக ஓடும். பிப்ரவரியில் அவரை வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, பாரிஸில் காலை 9 மணிக்குக் குறித்த அழைப்பு இங்கே 11 மணிக்கு நடக்க வேண்டும். கணினி 12 என்று காட்டுகிறது. பராமரிப்புக் குழு அந்த 3-ஐ 2 ஆக்கிப் பிரச்சினையை அடக்கிவிடுகிறது. அக்டோபரில் அது மறுபடி உடைகிறது. முதலில் எழுதியவருக்கு இந்தக் கதை எதுவும் எட்டுவதில்லை. புது புராஜெக்ட்டிலும் அவர் 3 கூட்டுவார், இந்த முறை இன்னும் வேகமாக.

செய்தி அவரிடம் திரும்பியிருந்தால் என்ன கற்றிருப்பார்? நடந்து முடிந்தவற்றின் நேரத்தைப் பொது நேரத்தில் சேமிக்க வேண்டும், காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்ற வேண்டும். வித்தியாசத்தைக் கையால் எழுதாமல், ‘யூரோப்/பாரிஸ்’, ‘இந்தியன்/மொரீஷியஸ்’ என்ற மண்டலப் பெயர்களை மொழியின் நேர நூலகத்திடம் கொடுத்துவிட வேண்டும். வரப்போகும் சந்திப்புகளுக்கு மட்டும் உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்து வைப்பது பாதுகாப்பு, ஏனென்றால் நடுவில் அரசு விதியை மாற்றலாம். “மொரீஷியஸ் எப்போதும் +4தானே” என்று சொல்பவருக்கு ஒரு தகவல்: 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை இந்தத் தீவும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துப் பார்த்தது. அந்த மாதங்களின் பழைய தரவைத் தொடுபவருக்கு +4 பொய் சொல்லும்.

இதற்கு ஒரு பெயர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பின்னூட்டச் சுற்று என்று சொல்லலாம். முடிவு, விளைவு, திருத்தம், மறுபடி முடிவு. சுற்று அறுந்த இடத்தில் அனுபவம் கூடும், அறிவு கூடாது. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967-இல் திறன் கற்பதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் யோசித்து யோசித்துச் செய்வோம், பிறகு தவறுகள் குறையும், கடைசியில் கை தானாக ஓடும். அந்தக் கடைசிக் கட்டம் வசதியானது, பொறியும் அங்கேதான். கை தானாக ஓடும்போது மனம் கவனிப்பதை விட்டுவிடுகிறது. 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய கூட்டாளிகளும் பெர்லின் வயலின் மாணவர்களைப் பார்த்து எழுதிய ஆய்வும் இதையொட்டியதுதான்: வாசித்துக்கொண்டே இருப்பது வேறு, பலவீனமான இடத்தைக் குறிவைத்துத் திருத்தம் பெற்றுப் பழகுவது வேறு. நாளைக்கு எட்டு மணி நேரம் டிக்கெட் மூடுவது முதல் வகை.

கீழே ஒரு அடுக்கு

நின்றுவிடுவதற்கு இன்னொரு வழி, கருவியின் மேல்தோலை மட்டும் கற்பது. ஒரு உதாரணம் போதும்.

ஆர்டர் பட்டியல் பக்கத்தில் 50 ஆர்டர்கள் தெரிகின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாடிக்கையாளர் பெயர். ஃபிரேம்வொர்க் வசதியாக எழுதவிடும்: ஆர்டரை எடு, அதன் வாடிக்கையாளரைக் கேள், பெயரைக் காட்டு. உள்ளே நடப்பது என்ன? ஆர்டர்களுக்கு டேட்டாபேஸிடம் ஒரு வினவல் (கேள்வி), பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒன்று, ஆக 51 வினவல்கள். டேட்டாபேஸ் உங்கள் லேப்டாப்பிலேயே இருந்தால் ஒன்றுக்கு 1 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொண்டாலும் 51தான், கண் சிமிட்டுவதற்குள் பக்கம் வரும். அப்ளிகேஷன் மொரீஷியஸிலும் டேட்டாபேஸ் ஐரோப்பாவிலும் இருந்தால்? பாரிஸ் நேர்கோட்டில் சுமார் 9,400 கிலோமீட்டர். ஒளியிழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரக் குறைந்தது 94 மில்லி செகண்ட், அதுவும் கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போனால். அது அப்படிப் போவதில்லை. 200 என்று வைத்தால் 51 வினவலுக்கு 10 செகண்டுக்கு மேல். “சர்வர் ஸ்லோ, பெரிய மெஷின் வாங்குங்கள்” என்பார் மேல்தோல் மட்டும் தெரிந்தவர். எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் ஒளி வேகமாகப் போகாது. வினவல்களை இரண்டாகக் குறைத்தால் 0.4 செகண்ட்.

இதற்கு ‘என் பிளஸ் ஒன்’ என்று பெயர். பெயரை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் ஃபிரேம்வொர்க்கில் வினவல் பதிவை ஆன் செய்து ஒரு பக்கத்துக்கு எத்தனை வினவல் ஓடுகிறது என்று எண்ணிப் பார்ப்பது மேல். எதிர்பார்த்ததும் எண்ணியதும் ஒத்துப்போகாவிட்டால், அங்கே கற்க ஒன்று இருக்கிறது.

அடுக்கின் கீழே போகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேல் அடுக்கில் இருக்கும் கருவிகளும் மொழிகளும் சீக்கிரம் செத்துப்போகின்றன. ஃபிளாஷ் 2020 கடைசியோடு போனது, பைத்தான் 2-க்கான ஆதரவு அதே வருடம் ஜனவரியில் முடிந்தது, ஆங்குலர்-ஜேஎஸ் 2021 கடைசியில். அவற்றை மட்டும் தெரிந்தவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். டேட்டாபேஸ் இண்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது, உலாவி சர்வருக்கு அனுப்பும் ஹெச்டிடிபி கோரிக்கையில் என்ன போகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பதிவை மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் சில மாதங்களில் வண்டி மாறிக்கொண்டார். எல்லா அடுக்குகளையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. நீங்கள் தினமும் நிற்கும் அடுக்குக்குக் கீழே ஒன்று போதும்.

மறுதாம்புக் கரும்பு

கரும்பை வெட்டிய பிறகு அதே அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். அதை மறுதாம்பு என்போம். புதிதாக நடும் செலவு மிச்சம், ஆனால் சில வெட்டுக்குப் பிறகு விளைச்சல் இறங்கிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் கட்டையைத் தோண்டிப் புது நாற்று வைத்தே ஆக வேண்டும். பழைய மென்பொருள் ஒன்றைத் தெரிந்த ஒரே ஆள் என்ற நிலையும் இதுதான். முதல் சில வருடம் பெருமை. எதைக் கேட்டாலும் பதில் தெரியும், மேலாளர் தோளில் தட்டுவார். அதே காரணத்துக்காகவே புது வேலை எதற்கும் அனுப்பமாட்டார்.

நீங்கள் அந்த நிலையில் இருக்கிறீர்களா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தைப்பூசக் காவடி மொரீஷியஸில் அரசு விடுமுறை, பாரிஸில் சாதாரண வேலை நாள். காவடியன்று உங்கள் போன் அடிக்கிறதா? அடித்தால், என்ன கேட்டார்கள் என்று குறித்துவையுங்கள். அடுத்த வருடம் பத்து நாள் விரதம் தொடங்கும் முன்பே அந்தக் கேள்விக்கான பதிலை இரண்டு பக்கத்தில் எழுதி, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அவரே செய்துபார்க்கும்படி விடுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் குறிப்பில் இருக்கும் ஓட்டை. ‘எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்னை அனுப்பிவிடுவார்களே’ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தோடு ஐந்து வருடம் உட்கார்ந்தால், அந்த மென்பொருளை மூடும் நாளில் உங்களையும் சேர்த்தே அனுப்பிவிடுவார்கள்.

சுற்றை நீங்களே கட்டுவது

நிறுவனம் கட்டித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் அனுமதிகூடத் தேவையில்லை.

தினமும் காலையில் 15 நிமிடம், நீங்கள் எழுதிய பகுதியின் புரொடக்‌ஷன் லாக்கை (கணினி தானாக எழுதும் நடப்புப் பதிவு) படியுங்கள். அணுக முடியாவிட்டால் படிக்கும் உரிமை மட்டும் கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால், பராமரிப்புக் குழுவில் ஒருவரோடு வாரம் ஒருமுறை பேசி, உங்கள் கோடில் என்ன உடைந்தது என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதேயில்லை என்பதால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

ஒவ்வொரு பிழையைத் திருத்திய பிறகும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன தெரிந்தது, முதலில் எதைச் சந்தேகித்தேன், உண்மையில் எது, இன்னும் முன்னாலேயே எப்படிப் பிடித்திருக்கலாம். இரண்டாவது வரிதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். முப்பது பிழைகளுக்குப் பிறகு உங்கள் சந்தேகங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரியும். எப்போதும் நெட்வொர்க்கைக் குறைசொல்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு)தான் காரணம் என்பதுபோல ஏதோ ஒன்று வெளிவரும். பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்பதை ஊகிக்காமல் கோட் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளையைக் கொண்டு தேடுங்கள். பாதி பாதியாக வெட்டிப் போவதால் ஆயிரம் கமிட்டுகளில்கூட (பதிந்த மாற்றங்கள்) பத்துச் சோதனையில் குற்றவாளி கிடைப்பார்.

டிக்கெட்டை எடுக்கும்போது எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதி, முடித்தபின் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இருபது டிக்கெட்டுக்குப் பிறகு இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 2 வந்தால் பதற வேண்டாம், ஒரே டிக்கெட் 6 மடங்கு போயிருந்தால் அதை மட்டும் பிரித்துப் பாருங்கள். அநேகமாகக் கோட் எழுதுவதில் நேரம் போயிருக்காது, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் போயிருக்கும்.

பிறர் கோடைப் படிக்காமல் எழுதிக்கொண்டே இருப்பவர் தன் பழக்கத்துக்குள் அடைபட்டுவிடுவார். குழுவில் உங்களைவிடத் திறமையானவரின் புல் ரிக்வெஸ்ட்டை (சேர்க்கும் முன் பிறர் பார்வைக்கு வைக்கும் கோட் மாற்றம்), அவர் உங்களைப் பார்வையாளராகப் போடாவிட்டாலும், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு படியுங்கள். படிக்கும் முன் ‘நானாக இருந்தால் எப்படிச் செய்திருப்பேன்’ என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ‘ஆமாம், சரிதான்’ என்றே தோன்றும். கோட் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே விதி. அது தந்ததை ஓட்டும் முன் எந்த உள்ளீட்டுக்கு என்ன வரும், எந்த உள்ளீட்டுக்கு உடையும் என்று முன்கூட்டிச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத கோடை ஏற்றுக்கொண்டால் நறுக்கும் வேலையும் உங்களுடையது இல்லை என்று ஆகிவிடும்.

மொழி விஷயத்தில் இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, அதை யாரும் தொழில்திறமையாக எண்ணுவதில்லை. பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தில் எழுதும் டிக்கெட்டில் ‘ஈவென்ச்சுவலி’ என்று இருந்தால், அவர் மனத்தில் இருப்பது பிரெஞ்சுச் சொல்லான ‘எவான்த்யுஎல்மான்’. அதற்கு ‘தேவைப்பட்டால், ஒருவேளை’ என்று பொருள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ‘கடைசியில் கட்டாயம்’ என்று படித்து இரண்டு வாரம் செலவழிப்பார். ‘ஆக்சுவலி’ என்று எழுதினால் பெரும்பாலும் ‘தற்போது’. இரண்டு மொழியும் தெரிந்த டெவலப்பர் அந்த இடத்தில் ஒரு வரி கேள்வி அனுப்பினால், முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஒரே தாவு. அந்தக் கேள்வியையும் வந்த பதிலையும் டிக்கெட்டிலேயே பதியுங்கள், சாட்டில் தொலையவிட வேண்டாம்.

மேலாளர் ஆவதுதான் வளர்ச்சி என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. சித்தப்பா கேட்பார், “உன் கீழே எத்தனை பேர்?” ஆட்களை நடத்துவது வேறு தொழில். பிடித்திருந்தால் போகலாம். கோடில் நின்றுவிட்டதால் மட்டும் போனால், அங்கேயும் விளைவு திரும்பிவராத நாற்காலியைத்தான் தேடிக்கொள்வீர்கள்.

ஆறு மாதம் முயன்றும் லாக் காட்டமாட்டார்கள், கிளையன்டோடு பேசவிடமாட்டார்கள், எல்லா டிக்கெட்டும் நறுக்கியே வருகிறது என்றால் வேறு இடம் பார்ப்பதில் தவறில்லை. நேர்முகத் தேர்வில் மொழி, ஃபிரேம்வொர்க், சம்பளம் எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. நான் எழுதியது ராத்திரி உடைந்தால் யாருக்குப் போன் போகும்? கடைசியாகப் பெரிதாக உடைந்தபோது அதைப் பற்றி எழுதிய குறிப்பைப் பார்க்கலாமா? பயன்படுத்துகிறவரோடு டெவலப்பர் கடைசியாகப் பேசியது எப்போது? மூன்றாவது கேள்விக்கு எதிரே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், பதில் கிடைத்துவிட்டது.